ஸ்கேனில் சிவப்பு வந்தாலே கிளாக்கோமா இல்லை: பெங்களூரில் எனக்கு நடந்தது

அல்சூர் பக்கம் ஒரு கண் கிளினிக். பெயர் போடவில்லை, கேட்காதீர்கள்.

போன ஆடியில் கண்ணாடி மாற்றத்தான் போனேன். பவர் மைனஸ் எட்டு, பள்ளிக்கூடத்திலிருந்தே சோடாபுட்டி. ‘நாற்பது தாண்டிடுச்சு, ஒரு ஓ.சி.டி. எடுத்துடலாம் சார்’ என்றார்கள். கண்ணுக்குள் இருக்கும் அடுக்குகளின் தடிப்பை வெளிச்சத்தால் அளக்கும் ஸ்கேன் அது. 2,500 ரூபாய். வந்த தாளில் இரண்டு கண்ணுக்கும் மேலும் கீழும் சிவப்பு. டாக்டர் தாளைப் பார்த்தே சொல்லிவிட்டார்: கிளாக்கோமா, அதாவது கண் நரம்பு மெல்ல மெல்ல அழியும் நோய்; ஆயுசுக்கும் சொட்டு மருந்து. கண் அழுத்தம் 15தானே என்றேன். ‘நார்மலா இருந்தாலும் வரும்’ என்றார். அது பொய்யில்லை என்பதுதான் கொடுமை.

ஏழு மாதம் ராத்திரி தவறாமல் விட்டேன். கண் சிவந்தது, இமை முடி நீண்டு வளர்ந்தது. வீட்டில் கேலி செய்தார்கள். எனக்குத் தூக்கமே போச்சு.

அப்புறம் மச்சினன் வேறொரு டாக்டரிடம் இழுத்துப் போனான். அந்த அம்மா கேட்ட முதல் கேள்வியே, “உங்க பவர் என்னங்க?” அடுத்து, தாளின் மூலையைப் பேனாவால் தொட்டார். சிக்னல், அதாவது ஸ்கேனின் தரம், 10க்கு 4. அந்த மெஷினில் 6க்குக் கீழே வந்தால் திரும்ப எடுக்க வேண்டுமாம்.

சிவப்பையும் விளக்கினார். மெஷினுக்குள் நல்ல கண் உள்ளவர்களின் அளவுகள் இருக்கின்றன. அதே வயதுக்காரர்களில், கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பிழை மிக மெல்லிய 1 சதவீதத்துக்குள் நாம் விழுந்தால் சிவப்பு, 5 சதவீதத்துக்குள் மஞ்சள். கிட்டப்பார்வை அதிகமுள்ள கண் நீளமானது. அதில் மேலும் கீழும் தடிப்பாக இருக்க வேண்டிய இழை பொட்டுப் பக்கமாக நகர்ந்திருக்கும். மெஷின் வழக்கமான இடத்தில் அளந்து, மெல்லிசு என்று சிவப்படிக்கும். இதற்கு டாக்டர்களே ‘ரெட் டிசீஸ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்!

மறுபடி எடுத்ததில் சிக்னல் 8. இழையின் தடிப்பு குறையவில்லை, அது இருக்கும் இடம்தான் நகர்ந்திருந்தது. வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பட்டன் அழுத்தும் ஃபீல்ட் டெஸ்ட்டும் சுத்தம். முதல் இடத்தில் அதைச் செய்யவே இல்லை. மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரித்து நரம்பையும் பார்த்துவிட்டு, சொட்டை நிறுத்தச் சொன்னார். ஆறு மாதத்தில் திரும்ப வரவேண்டும். நானாக நிறுத்தவில்லை, கவனியுங்கள். நிஜ கிளாக்கோமாவில் போன பார்வை திரும்பாது. இதைப் படித்துவிட்டு யாரும் பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள்.

இரண்டு தாளோடும் பழைய கிளினிக்குக்குப் போனேன். டாக்டரைப் பார்க்க விடவில்லை. ரிசப்ஷனில் இருந்த பெண், ‘ரீஃபண்ட் கிடையாது சார், அடுத்த ஸ்கேனுக்கு பத்து பர்சென்ட் குறைச்சுக்கலாம்’ என்றாள்.