டிசம்பர் பையன்களையும் கண்ணில் பிடிக்கும் காற்பந்துத் தேர்வு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய திடலில் 12 முதல் 14 வயதுப் பையன்களுக்கு நடக்கும் காற்பந்துத் தேர்வு முகாம் இது. கட்டணம் 30 ரிங்கிட். இரண்டு சனிக்கிழமை, காலை 7.30 முதல் 10.30 வரை. பள்ளிக் குழுவில் இடம் கிடைக்காத பையனுக்கு இந்தப் பணம் தாராளமாகத் தகும். மாவட்டக் குழுவில் ஏற்கெனவே ஆடுகிறவனுக்கு இங்கே புதிதாக எதுவும் இல்லை.

நல்லது பதிவு மேசையிலேயே தொடங்குகிறது. ஐசி (அடையாள அட்டை) எண்ணில் பிறந்த தேதியைக் காட்டும் முதல் 6 இலக்கத்தைப் பார்த்து, பிறந்த மாதத்தைப் பையனின் தாளில் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள். வயதுப் பிரிவை ஜனவரி 1-ஐ வைத்துப் பிரிப்பதால் ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். 12 வயதில் அந்தப் பதினொரு மாதம் தோளிலும் தொடையிலும் தெரியும். வழக்கமான தேர்வில் பெரிய பையன்தான் முதலில் கண்ணில் படுவான். பிறகு நல்ல பயிற்சி, நல்ல ஆட்டம் எல்லாம் அவன் பக்கமே போய்ச் சேரும். சின்னவன் திறமை இல்லாமல் பின்தங்குவதில்லை. பந்தே கிடைக்காமல் பின்தங்குகிறான்.

உயரத்தை நின்றபடியும் உட்கார்ந்தபடியும் அளக்கிறார்கள். சுவரோடு முதுகு ஒட்டப் பெட்டியில் உட்காரவைத்து, தரையிலிருந்து தலை வரை அளந்து, பெட்டியின் உயரத்தைக் கழிக்கிறார்கள். அதுதான் உட்கார்ந்த உயரம். நின்ற உயரத்திலிருந்து அதைக் கழித்தால் கால் நீளம். இது வீண் வேலை அல்ல. பையன்களின் வளர்ச்சி வேகம் சராசரியாக 14 வயதை ஒட்டி உச்சத்துக்குப் போகும். ஒன்றிரண்டு ஆண்டு முன்பின் ஆகலாம். கால்தான் முதலில் நீளும், உடம்பு பின்னால் வரும். அந்த மாதங்களில் நேற்றுவரை காலோடு ஒட்டிய பந்து தெறித்துப் போகும். சிலருக்கு முட்டிக்குக் கீழே எலும்பு புடைத்து வலிக்கும். கால் நீளம் தாளில் இருந்தால், 'தடுமாறுகிறான்' என்று ஒதுக்குமுன் பயிற்றுநர் ஒருமுறை யோசிப்பார். கூட்டம் சேர்ந்தால் சில சமயம் காலணியோடு அளந்துவிடுகிறார்கள். கழற்றிவிட்டு அளக்கச் சொல்லுங்கள்.

முகாமின் உயிர் இரண்டாம் சனிக்கிழமை. 30-க்கு 20 மீட்டர் கட்டத்தில் நான்கு பேருக்கு நான்கு பேர், 6 நிமிடத்துக்கு ஒருமுறை குழு மாற்றம். பதினொருவர் ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கிற பையனுக்குப் பந்து வருவதே அபூர்வம். இங்கே ஒளிய இடமில்லை. மதிப்பீட்டாளர்கள் கோல் எண்ணுவதில்லை. பந்து வருமுன் தோளுக்குப் பின்னால் திரும்பிப் பார்க்கிறானா, முதல் தொடுதலில் பந்தை எதிராளியிடமிருந்து விலக்குகிறானா, பறிகொடுத்த கையோடு துரத்துகிறானா என்று கோடு போடுகிறார்கள். இருவர் தனித்தனியே எழுதி, தாளைக் கொடுத்த பிறகே பேசிக்கொள்கிறார்கள். குறை ஒன்று: சிவப்பு 7, நீலம் 7 என்று ஒரே எண் இரண்டு நிறச் சட்டையில் ஓடுகிறது. குழு மாறும்போது ஒருவனின் கோடு இன்னொருவனுக்கு விழலாம். 1 முதல் 40 வரை தனி எண் கொடுத்தால் தீர்ந்தது.

ஓட்டப் பகுதிதான் பலவீனம். 30 மீட்டர் ஓட்டத்தைக் கையால் நிறுத்துகடிகாரம் அழுத்தி எடுத்துவிட்டு, அறிக்கையில் நூறில் ஒரு வினாடிவரை அச்சிடுகிறார்கள். கை நேரம் மின்கருவி நேரத்தைவிடச் சுமார் 0.2 வினாடி குறைத்தே காட்டும். அழுத்தும் ஆள் மாறினால் எண்ணும் மாறும். பனி காயாத புல்லில் ஒருவன் ஸ்பைக் பூட்ஸ், இன்னொருவன் பள்ளிக் காலணி. வழுக்கியவனின் நேரத்தை வேகம் என்று எப்படி எழுத முடியும்? பூட்ஸ் இல்லாவிட்டால் 'அடிடாஸ் கம்போங்' என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் காலணியே போதும். ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும். முதல் 10 மீட்டரைத் தனியாக எடுக்காததும் பெரிய இழப்பு. ஆட்டத்தில் வேக ஓட்டம் பலவும் அந்தத் தூரத்துக்குள்தான் முடிகின்றன. 20 மீட்டர் பீப் சோதனையை (பீப் ஒலிக்கு ஏற்ப 20 மீட்டரை முடியும்வரை திரும்பத் திரும்ப ஓடுவது) ஆட்டத்துக்கு முன்னால் வைப்பதும் தவறு. களைத்த காலைத்தான் பிறகு மதிப்பிடுகிறார்கள். கடைசியில் வைக்க வேண்டியது அது.

கோல்காவலர்களுக்குப் பத்து நிமிடம், அவ்வளவே. கை விரிப்பைக்கூட அளப்பதில்லை. 'ஸ்பைடர்மேன்' என்று பெயரெடுத்த கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தைக் கண்ட நாட்டில் இது வருத்தமான விடுபாடு.

அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்து வேறு ஆட்டம். ஆனால் அங்கேயும் இதே நோய்: பள்ளி முடிக்கும் பையனுக்கு 5 வரை நட்சத்திரம் ஒட்டுவார்கள். பின்னாளில் பெரிய தற்காப்பு ஆட்டக்காரரான ஜே.ஜே. வாட்டுக்குக் கிடைத்தது 2. சென்ட்ரல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேறு ஆட்ட நிலையில் ஆடிவிட்டு, உதவித்தொகை இல்லாமலே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் 2011 ஆள் தேர்வில் 11-ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அந்த லீக்கின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை மூன்று முறை வென்றார். அந்த 2 நட்சத்திரம், உடம்பு முழுதாக வளருமுன் எடுத்த ஒரு படம்.

இந்த முகாம் ஒரே படத்தோடு நிற்பதில்லை என்பதுதான் இதைப் பரிந்துரைக்கக் காரணம். தேர்வாகாத பையன் ஆறு மாதம் கழித்து, கட்டணமின்றி ஒருமுறை திரும்ப வரலாம். அறிக்கையில் தரவரிசை கிடையாது. பழைய அளவும் புதிய அளவும் பக்கத்தில் பக்கத்தில். இடையில் மாதம் ஒருமுறை, அதே காலை நேரத்தில், வெறுங்காலோடு நிறுத்திக் கதவு நிலையில் பென்சிலால் உயரத்தைக் குறித்து, தேதியும் எழுதி வையுங்கள். மறுதேர்வில் அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள்.