ஏரிப் புல்லுக்கு எந்த மருந்து? புளோரிடாவின் களைக்கொல்லிகள், தூண்டில்காரர் கணக்கில்

ஒக்கிச்சோபி ஏரியில் பாஸ் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்களுக்கு ஏர்போட் சத்தமே பிடிக்காது. பின்னால் பெரிய விசிறி, நடுவில் தொட்டி, கையில் நீண்ட குழாய் என்று ஒரு படகு புல்லோரமாகப் போனால், இரண்டு வாரத்தில் அந்த ஓரம் பழுப்பாகிவிடும். இந்தக் கோபம் முற்றித்தான் 2019 ஜனவரிக் கடைசியில் புளோரிடா மீன், வனவிலங்குப் பாதுகாப்பு ஆணையம் தெளிப்பைத் தற்காலிகமாக நிறுத்திப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. மார்ச்சில் தெளிப்பு மறுபடி தொடங்கியது. அன்றிலிருந்து இன்றுவரை ஏரிக்கரைப் பேச்சில் எல்லா மருந்துக்கும் "விஷம்" என்று ஒரே பெயர்தான். அது சரியில்லை. மருந்துக்கு மருந்து வேலை வேறு, கெடுதலும் வேறு. ஒவ்வொன்றையும் மீன் பிடிக்கிறவர் பக்கம் நின்று எடை போட்டுப் பார்க்கலாம்.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். பள்ளிக்கூட ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து, சோதனைக்குழாயில் ஆக்சிஜன் குமிழி பிடித்தோமே, அதே ஹைட்ரில்லாதான். 1950களில் மீன்தொட்டி வணிகத்துக்காக இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டு, டாம்பா பக்கத்துக் கால்வாய்களில் இறங்கி, பத்தே வருடத்தில் காட்டுப்புல்லாகிவிட்டது. நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு ஓர் அங்குலம் வளரும். முழு வெயிலில் நூற்றில் ஒரு பங்கு வெளிச்சம் இருந்தாலே அதற்குப் போதும். சேற்றுக்குள் கிழங்கு விட்டு வைக்கும். அந்தக் கிழங்கு சில வருடங்கள் உயிரோடு கிடக்கும். அதனால் எந்த மருந்தும் ஹைட்ரில்லாவை ஒழிப்பதில்லை. ஒரு பருவத்துக்கு அடக்கி வைக்கிறது, அவ்வளவுதான். "ஒரே தெளிப்பில் முடிந்தது" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் பாஸுக்கு இந்தப் புல் வீடு. ஏரிப்பரப்பில் 20 முதல் 40 சதவீதம் வரை நீர்ப்புல் இருப்பது பாஸுக்கு நல்லது என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. முழுக்க மூடினாலும் கெடுதல், முழுக்கப் போனாலும் கெடுதல். டெக்சாஸின் கான்ரோ ஏரியில் 1981, 82இல் நீர்ப்புல்லைத் தின்னும் 2,70,000 புல்கெண்டை மீன்களை விட்டார்கள். அடுத்த வருடமே ஏரியில் ஒரு புல் இல்லை. மருந்தைத் திட்டி, புல்கெண்டையை மாற்றாகக் கேட்கிறவர்கள் இதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். மருந்தை அடுத்த வருடம் நிறுத்தலாம். விட்ட கெண்டையைத் திரும்பப் பிடிக்க முடியாது.

இனி மருந்துகள். லேபிள் சொன்ன அளவில் தெளித்தால், இவற்றில் பெரும்பாலானவை பாஸை நேரடியாகக் கொல்வது அரிது. மீன் சாவது அழுகும் புல்லால். புல் ஒரேயடியாகச் செத்தால் நுண்ணுயிர்கள் அதைத் தின்னும்போது தண்ணீரின் ஆக்சிஜனை உறிஞ்சிவிடும். 15 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் அது 7.5தான். இரவில் பாசியும் சுவாசிப்பதால் விடியற்காலையில் அளவு அடிமட்டத்துக்குப் போகும். 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் திணறும், 1-க்குப் பக்கத்தில் போனால் சாகும். ஆகவே புல் எவ்வளவு வேகமாகச் சாகிறது, ஒரே நேரத்தில் எத்தனை ஏக்கர் சாகிறது என்ற இரண்டும்தான் என் முதல் அளவுகோல். எந்தப் புல் தப்பிப் பிழைக்கிறது என்பது அடுத்தது.

டைக்வாட். தொட்ட இடத்தைக் கருக்கும் மருந்து. ஏக்கருக்கு அதிகபட்சம் 2 கேலன், அதாவது 7.5 லிட்டர். 4 அடி ஆழத்தில் அது 0.37 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் 0.37 பங்கு மருந்து) ஆகும். சில மணி நேரம் புல்மேல் பட்டாலே போதும், ஒரு வாரத்தில் பழுப்பு. இந்த வேகமே இதன் பலமும் பலவீனமும். அதனால்தான் ஏரியில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மட்டும் தெளித்து, 14 நாள் விட்டு மீதியைத் தெளிக்கச் சொல்கிறது லேபிள். இந்த ஒரு வரியை மீறினால் கோடையில் மீன்சாவு நிச்சயம் என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு கோளாறு, களிமண் துகளில் இது ஒட்டிக்கொண்டு செயலிழந்துவிடும். காற்றடித்து கலங்கிய தண்ணீரில் தெளித்தால் பணமும் வீண், புல்லும் சாகாது. அடுத்த மாதம் மறுபடி தெளிப்பார்கள். என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டரை. படகுத்துறை, வாய்க்கால் போன்ற சின்ன இடத்துக்குச் சரி. பெரிய பரப்புக்கு வேண்டாம்.

எண்டோதால். இதில் இரண்டு உப்பு இருப்பதைத் தெரிந்துகொள்ளாமல் பேசவே கூடாது. டைபொட்டாசியம் உப்பு, அக்வதால் கே என்ற பெயரில் வருவது, மீனுக்குப் பெரிய ஆபத்தில்லாதது. அமீன் உப்பு, ஹைட்ரோதால் 191, அப்படியல்ல, 0.3 பிபிஎம்முக்கு மேலே போனாலே மீன் சாகலாம். தெளிப்பு அறிவிப்பில் "எண்டோதால்" என்று மட்டும் இருந்தால், எந்த உப்பு என்று கேட்டே ஆக வேண்டும். முதலாவதற்கு அளவு ஆழத்தைப் பொறுத்தது. 1 ஏக்கர், 6 அடி ஆழம், 3 பிபிஎம் வேண்டுமென்றால் ஏறத்தாழ 44 லிட்டர். இங்கேதான் பெரும்பிழை நடக்கிறது. பழைய வரைபடத்தை வைத்து 6 அடி என்று கணக்குப் போட்டு, வறட்சியில் தண்ணீர் 4 அடிக்கு இறங்கியிருந்தால், உண்மை அளவு 4.5 பிபிஎம். தெளிக்கும் நாளிலேயே கோலால் ஆழம் பார்க்கும் ஒப்பந்ததாரர் நல்ல ஒப்பந்ததாரர். ஒரு நாள் முதல் மூன்று நாள் வரை மருந்து புல்லோடு நிற்க வேண்டும், அதனால் ஓட்டமுள்ள இடத்திலும் திறந்த ஏரியின் ஓரத்திலும் கரைந்து போய்விடும். ஐந்துக்கு மூன்றரை. குளிர்காலத்தில் துண்டு துண்டாகப் பயன்படுத்தினால் நான்குகூடத் தரலாம்.

ஃப்ளூரிடோன், சோனார் என்ற பெயரில் நெடுங்காலம் ராஜாவாக இருந்தது. பிபிபி அளவில் வேலை செய்யும், அதாவது பிபிஎம்மில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஹைட்ரில்லாவுக்கு 5 முதல் 20 வரை போதும். ஆனால் 60 முதல் 90 நாள் வரை அந்த அளவு தண்ணீரில் குறையாமல் நிற்க வேண்டும், நடுநடுவே ஏற்றிவிட வேண்டும். புது இலை வெள்ளையாகவும் இளஞ்சிவப்பாகவும் மாறினால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். புல் மெதுவாகச் சாவதால் ஆக்சிஜன் வீழ்ச்சி மிகக் குறைவு. தூண்டில்காரருக்கு இதைவிட மென்மையான மருந்து கிடையாது. துரதிருஷ்டம், வருடக்கணக்கில் இதையே ஊற்றியதால் புளோரிடா ஹைட்ரில்லாவில் ஃப்ளூரிடோன் எதிர்ப்பு வந்துவிட்டது. 2000களின் தொடக்கத்தில் உறுதியானது. புல்லின் ஒரே ஒரு நொதியில் ஓர் அமினோ அமிலம் மாறியதால் வந்த வினை. ஹைட்ரில்லா துண்டுகளாகவே பரவுவதால் எதிர்ப்புள்ள வகை ஏரியிலிருந்து ஏரிக்குப் படகு டிரெய்லரில் போய்விடும். எதிர்ப்பில்லாத ஏரிக்கு ஐந்துக்கு நாலரை. எதிர்ப்பு உள்ள ஏரிக்கு பூஜ்யம்.

ஃப்ளோர்பைராக்சிஃபென் பென்சைல், புரோசெல்லாகோர் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். 2018 வாக்கில் சந்தைக்கு வந்த புதிய மருந்து. பிடியூ என்ற அலகில் அளப்பார்கள். ஒரு பிடியூ ஏறத்தாழ 94 மில்லிலிட்டர், ஓர் ஏக்கரில் ஓரடி ஆழத் தண்ணீருக்கு 2 பிபிபி கொடுக்கும். 25 பிடியூவைத் தாண்டக் கூடாது. புல்லின் வளர்ச்சி ஹார்மோனைப் போல நடித்துத் தண்டை முறுக்கிக் கொல்லும். இதில் எனக்குப் பிடித்தது, நாடா நாடாவாக வளரும் ஈல்கிராஸை இது பெரும்பாலும் விட்டுவிடும். பிடிக்காதது, அல்லி வகைகளை முறுக்கிவிடும், தாமரை இன்னும் மோசம். மில்ஃபாயில் என்ற புல்லுக்குச் சில பிடியூ போதும், ஹைட்ரில்லாவுக்கு அதைவிட நிறைய வேண்டும். விலையும் கூட. ஐந்துக்கு மூன்றரை.

அடுத்தது கிளைஃபோசேட். ஊரெல்லாம் திட்டு வாங்குவது இதுதான், பாதி காரணம் தவறு. இது தண்ணீருக்குள் வேலையே செய்யாது. மேலே நிற்கும் இலையில் விழுந்தால் மட்டுமே கொல்லும். "ஹைட்ரில்லா செத்ததற்கு கிளைஃபோசேட்தான் காரணம்" என்று யார் சொன்னாலும் அது தவறு. ஆனால் மீதிப் பாதி கோபம் நியாயமானது. கோரைக்குள் சிக்கிய வெங்காயத்தாமரையை அடிக்கும்போது கோரை மேலும் விழுந்தால், மருந்து வேர் வரை இறங்கி, கோரைப் படுகையே போய்விடும். பாஸ் முட்டையிடும் கெட்டித் தரை அந்தக் கோரைக்குள்தான் இருக்கிறது. டைக்வாட் பட்டால் கோரையின் தலை மட்டும் கருகி மறுபடி தழைக்கும், ஆகவே பழுப்பு நிறம் எல்லாம் சாவு என்று எண்ண வேண்டாம். நான்கு வாரம் கழித்து வேர்க்கட்டைத் தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே கோரைக்குள் இருக்கும் வெங்காயத்தாமரைக்கு டைக்வாட் பொருத்தம். 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி கோரையையும் கெடுக்கும். கிளைஃபோசேட்டைப் பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் நீர்நிலைக்கென்று பதிவான வகை மட்டும். தோட்டத்து வகையில், மருந்து இலையில் ஒட்டுவதற்காகக் கலக்கும் பரப்புப் பொருள் தவளைக்கும் மீனுக்கும் நேரடி நஞ்சு. கோரை ஓரத் தெளிப்புக்கு ஐந்துக்கு ஒன்று.

தாமிரக் கலவையைப் பற்றி ஒரே வரி: மென்னீர் ஏரியில் மீனுக்கு ஆபத்து, சேற்றில் சேர்ந்துகொண்டே போகும், தவிர்க்கலாம்.

இயந்திர அறுவடை இதற்கெல்லாம் மாற்று என்று பலர் நம்புகிறார்கள். நானும் அதற்கு அதிக இடம் கேட்பவன்தான், ஆனால் அதன் கணக்கையும் சொல்ல வேண்டும். ஆரஞ்ச் ஏரியில் ஹைட்ரில்லா அறுத்தபோது அந்த இடத்து மீன்களில் எண்ணிக்கைப்படி மூன்றில் ஒரு பங்கு புல்லோடு சேர்ந்து கரைக்கு வந்துவிட்டது. பெரும்பாலும் குஞ்சு மீன்கள். பாதை வெட்டவும், கரை ஒதுங்கிய மிதவைகளை அள்ளவும் இயந்திரம் அருமை. ஏரி முழுக்க அறுக்க முடியாது.

சேவையாகப் பார்த்தால், 2019 இடைநிறுத்தத்துக்குப் பிறகு சில நல்ல மாற்றங்கள் அறிவிக்கப்பட்டன: ஏரிக்கு ஏரி தனித் திட்டம், ஒப்பந்ததாரர் மேல் கூடுதல் கண்காணிப்பு, இயந்திர அறுவடை அதிகம். வெங்காயத்தாமரையைச் சிறிதாக இருக்கும்போதே அடிக்கடி அடிப்பது என்ற பழைய கொள்கையை நான் ஏற்கிறேன். விட்டுவிட்டால் பிறகு பல மடங்கு மருந்து தேவைப்படும். அதே கொள்கையை ஹைட்ரில்லாவுக்கும் நீட்டுவதில்தான் தகராறு. மிதவை யாருக்கும் வீடில்லை, ஹைட்ரில்லா வீடாகிவிட்டது. டோஹோபெகலைகா ஏரியில் நத்தை தின்னும் கைட் பருந்துகூட இதை நம்பியிருக்கிறது, அதற்காகக் கூடுகளைச் சுற்றித் தெளிப்பைத் தவிர்க்கிறார்கள். பாஸ் கூடுகளுக்கு அதே கவனம் ஏன் இல்லை என்பது நியாயமான கேள்வி.

காலம் பார்ப்பதுதான் மிகக் கடினம். தண்ணீர் குளிர்ந்து, புல் குட்டையாக இருக்கும்போது தெளித்தால் அழுகல் குறைவு, மருந்தும் குறைவு. ஆனால் புளோரிடாவில் அதே குளிர்காலக் கடைசியில், தண்ணீர் 15 முதல் 21 டிகிரிக்குள் வரும்போது பாஸ் கூடு கட்டும். தெற்கே டிசம்பரிலேயே தொடங்கி, வடக்கே ஏப்ரல் வரை நீளும். ஆகவே நவம்பரில் முடித்துவிடுவதே நல்லது. தவறினால் கூடு உள்ள ஓரங்களை விட்டுவிட்டு நடுவில் மட்டும். மே முதல் செப்டம்பர் வரை, மேல்மட்டம் மூடிய புல்மெத்தையை மொத்தமாகக் கருக்குவதை ஒரு நாளும் ஒப்புக்கொள்ள முடியாது.

ஒக்கிச்சோபி நீலப்பாசிக்குத் தெளிப்பே காரணம் என்ற பேச்சும் உண்டு. செத்த புல் பாஸ்பரஸை விடுவிக்கும், உண்மை. ஆனால் அந்த ஏரிக்குச் சுற்றுவட்டார நிலத்திலிருந்து வரும் பாஸ்பரஸும், சேற்றில் ஏற்கனவே படிந்ததும் மிக அதிகம். 2017இல் இர்மா புயலுக்குப் பின் நீர்மட்டம் உயர்ந்து, வெளிச்சம் தரையை எட்டாமலும் நிறையப் புல் போனது. எல்லாவற்றையும் படகின் மேல் ஏற்றினால் அதிகாரிகள் நம் சரியான குறையையும் கேட்க மாட்டார்கள்.

தெளிப்புக்குப் பின் மீன் மிதந்தால் என்ன பார்ப்பது? பெரிய மீன் முதலில், விடியற்காலையில், வாயைத் தூக்கித் திணறிச் செத்தால் ஆக்சிஜன் பிரச்சினை. எல்லா அளவும், குறிப்பாகக் குஞ்சுகள், எந்நேரமும் செத்தால் நஞ்சைச் சந்தேகிக்கலாம். ஆக்சிஜன் மீட்டர் இருந்தால் சூரியன் எழும் முன், புல்லுக்குள் ஓர் இடத்திலும் திறந்த நீரில் ஓர் இடத்திலும், மேலேயும் அடியிலும் அளந்து நேரத்தோடு எழுதி வையுங்கள். பிற்பகல் அளவால் பயனில்லை, அது எப்போதும் நன்றாகவே இருக்கும். புகார் கொடுக்கும்போது மருந்தின் பெயரும் உப்பும், ஏக்கர், கணக்கிட்ட ஆழம், பிபிஎம், தெளித்த நாளின் காற்று, 14 நாள் இடைவெளி விடப்பட்டதா என்ற ஆறையும் எழுத்தில் கேளுங்கள். தெளிப்பவர் இந்தப் பதிவுகளை வைத்திருக்க வேண்டியவர்.