பண்டாரவன்னியன் நாடகத்துக்குச் செங்கோல்: தேக்கா, எஸ்லோன் (பிவிசி பிளாஸ்டிக்) பைப்பா?

இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடங்களில், அந்த மண்ணின் கடைசி மன்னன் பண்டாரவன்னியனின் கதை மேடையேறும்போதெல்லாம் எழும் கேள்வி இது. அரசாட்சியின் அடையாளமே அந்தக் கோல்தான். ஏனோதானோவென்று செய்யக்கூடாது.

நேராக நிற்றல்: இதுதான் முதல் அளவுகோல். செங்கோல் நேரான ஆட்சியைக் காட்டுவது. வளைந்தால் பொருளே மாறிவிடும்.
தேக்கு: நன்றாகக் காய்ந்த துண்டு என்றால் நேராகவே நிற்கும். பச்சை மரத்தைக் கடைந்தால் முறுகும், வெடிக்கும்.
பைப்: வெயில் படும் சுவரில் சாத்தி வைத்தால் சூட்டில் வளையும். படுக்கையாக, நிழலில் வையுங்கள். உள்ளே மூங்கில் கம்பு செருகினால் இன்னும் நல்லது.

செலவு: பைப் மிக மலிவு. தேக்குக்குத் தச்சுப் பட்டறையில் வெட்டுத்துண்டு கேளுங்கள். முதிரை, கருங்காலி மரங்களுக்காகக் காட்டுக்குள் இறங்க வேண்டாம். அனுமதியில்லாமல் வெட்டுவது குற்றம்.

பூச்சு: பைப்பின் வழுவழுப்பில் தங்கநிறப் பெயின்ற் ஒட்டாது, நடிகரின் வியர்வைக் கையிலேயே உரிந்துவரும். 120ஆம் இலக்க மண்தாளால் தேய்த்து, தூசி துடைத்து, அடிப்பூச்சு காய்ந்த பிறகே தங்கநிறம். தேக்குக்கு வார்னிஷ் போதும்.

பாரம்: மேடைப் பலகையில் ஊன்றும்போது தேக்கு கம்பீரமாய் ஒலிக்கும். பைப் டொக்கென்று வெறுமையாய்க் கேட்கும்; அடியில் ஒரு அடிக்கு மணல் நிரப்பி, மணலின் மேலும் கீழும் அடைத்தால் சரியாகும்.

சிறுவர் நாடகத்துக்கும் ஒரேயொரு மேடையேற்றத்துக்கும் பைப். ஆண்டுதோறும் ஆடும் கூத்துக் குழுவுக்குத் தேக்குத்தான். கறையான் ஏறாத இடத்தில், நிலத்தில் படாமல் வையுங்கள்.