பிஆர்சிஏ1 பரிசோதனை: ரிப்போர்ட் சுமார், ஆலோசகர் அருமை

அக்காவுக்குச் சினைப்பைப் புற்றுநோய் என்றதும் டாக்டர் பிஆர்சிஏ1 மரபணுப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுப்பது 2 நிமிட வேலை. ரிப்போர்ட்தான் படுத்தியது, 12 பக்கத்தில் எங்களுக்கு வேண்டிய ஒரே வரி, அக்காவின் மரபணுவில் மாற்றம் இருக்கிறது என்பது, 9-ஆம் பக்கத்தில் இருந்தது.

ஆனால் மரபணு ஆலோசகருக்கு முழு மதிப்பெண். ரிப்போர்ட்டின் பின்பக்கத்தில் ஓர் ஏணி வரைந்தார். இரண்டு காலும் முறிந்த ஏணி மாதிரி அறுந்துபோகும் டிஎன்ஏவைச் சரிசெய்வதுதான் இந்த மரபணுவின் வேலையாம். அது பழுதானால் புற்றுநோய் ஆபத்து கூடும். அதே பழுதுதான் ஓலாபாரிப் என்ற புற்றுநோய் மாத்திரைக்குக் கிடைக்கும் பிடி: செல்லிடம் மிச்சமிருக்கும் இன்னொரு பழுதுபார்க்கும் வழியையும் அது அடைக்க, புற்றுசெல் தாங்காமல் சாகிறது. அக்கா அந்தத் தாளை மாத்திரைப் பெட்டியிலேயே வைத்திருக்கிறாள். ஆலோசனையை மட்டும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

எனக்கும் அதே மாற்றம் இருக்க 50 சதவீத வாய்ப்பு. அடுத்த வாரம் ரத்தம் கொடுக்கிறேன்.