ஒரே ஒரு பகல்: ஹேவ்லாக்கா, நீலா?

அந்தமானின் போர்ட் பிளேரில் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) காலையில் கப்பலேறி மாலைக்குள் திரும்பிவிட வேண்டும். ஒரு தீவுக்குத்தான் நேரம் இருக்கிறது. எங்கே போவது? கேட்டவுடன் எல்லோரும் சொல்வது ஹேவ்லாக். எனக்கென்னவோ ஒற்றைப் பகலுக்கு நீல் என்ற சின்னத் தீவுதான் சரியாக வருகிறது. ஆனால் அதற்குக் கடல் ஒத்துழைக்க வேண்டும். 2018 கடைசியில் இந்த இரண்டு தீவுகளுக்கும் ஸ்வராஜ் த்வீப், ஷஹீத் த்வீப் என்று பெயர் மாற்றினார்கள். பேச்சில் இன்னும் பழைய பெயர்கள்தான்.

ஹேவ்லாக்கின் பெருமை ராதாநகர் கடற்கரை. 2004-இல் ‘டைம்’ இதழ் இதை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று எழுதியது. 2020-இல், சுத்தமான கடற்கரைகளுக்குத் தரும் நீலக்கொடி (Blue Flag) சான்றிதழும் கிடைத்தது. நேரில் பார்த்தால் அந்தப் பெயர் வீண் இல்லை என்று தெரியும். பாறையே காலில் படாத வெள்ளை மணல், பின்னால் சுவர் மாதிரி காடு. சிக்கல் என்னவென்றால், இந்தக் கடற்கரை மேற்கே பார்த்தது, அதன் அழகு உச்சத்துக்கு வருவது சூரியன் இறங்கும்போது. அந்தமான் அவ்வளவு கிழக்கே இருந்தும் கடிகாரம் இந்திய நேரத்தில்தான் ஓடுகிறது. டிசம்பரில் ஐந்து மணி வாக்கிலேயே இருட்டத் தொடங்கிவிடும். திரும்பும் கப்பல் பெரும்பாலும் அதற்கு முன்பே கிளம்பிவிடும். கப்பல் வந்து நிற்கும் ஜெட்டியிலிருந்து ராதாநகர் சுமார் 12 கிலோமீட்டர். ஆக, போகவர ஒரு மணி நேரம் சாலையிலேயே போய், உச்சிவெயிலில் கடலைப் பார்த்துவிட்டு ஓடிவர வேண்டியிருக்கும்.

நடக்கப் பிடித்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. ராதாநகர் போகும் சாலையிலிருந்து எலிஃபண்ட் பீச்சுக்கு ஒரு காட்டுப்பாதை பிரிகிறது. ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் ஈர மண், வேர்கள், மழை பெய்திருந்தால் முழங்கால் வரை சேறு. கடைசிப் பகுதி அலையாத்திக் காட்டை ஒட்டி வரும். கடல்மட்டம் உயரும் ஏற்றத்தின்போது அங்கே தண்ணீரில் இறங்கித்தான் நடக்க வேண்டும். செருப்பை நம்பாதீர்கள். போய்ச் சேர்ந்தால் கரையருகிலேயே பவளப்பாறை, ஸ்நார்க்கலிங். மரம் இழுக்க இந்தத் தீவுகளுக்கு யானைகளைக் கொண்டுவந்த காலம் ஒன்று இருந்தது. அப்படி வந்து, கடலில் நீந்தியே உலகப் புகழ் பெற்ற ராஜன் என்ற யானை 2016-இல் ஹேவ்லாக்கில்தான் இறந்தது. நடை வேண்டாமென்றால் ஜெட்டியிலிருந்து படகிலும் எலிஃபண்ட் பீச் போகலாம். ஆனால் படகில் போவதற்கு ஹேவ்லாக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்பது என் கேள்வி.

நீலில் இப்படிப்பட்ட காட்டு நடை கிடையாது. வயல், பாக்கு, வாழை, தட்டையான சாலை. கிழக்கு வங்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் தீவு; போர்ட் பிளேருக்குக் காய்கறி இங்கிருந்து போகிறது. பரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் என்று ராமாயணமே ஊர்ப்பெயராக இருக்கும். பரத்பூர் கடற்கரைக்கு ஜெட்டியிலிருந்து நடந்தே போகலாம், லக்ஷ்மண்பூர் இரண்டு கிலோமீட்டர் போல, மறுமுனையில் இருக்கும் சீதாபூரே ஐந்துதான். ஸ்கூட்டர்கூட வேண்டாம், சைக்கிள் போதும். சாலையில் மிச்சமாகும் நேரம் அப்படியே கடலுக்குப் போகிறது.

இங்கே முக்கியமானது லக்ஷ்மண்பூரின் இரண்டாம் கடற்கரையில் உள்ள இயற்கைப் பாலம். ஊர்க்காரர்கள் ஹவுரா பாலம் என்பார்கள். பாறை வளைவை விட, அதை நோக்கிப் போகும் வழிதான் எனக்குப் பிடித்தது: கடல் வற்றியதும் வெளியே வரும் பவளத் திட்டுகள், குழிகளில் தங்கிவிட்ட நீரில் மீன், நண்டு, கடல் வெள்ளரி. ஆனால் இது வற்றத்தில், அதாவது கடல்மட்டம் இறங்கியிருக்கும்போது மட்டும். ஏற்றத்தில் போனால் வழியே இருக்காது. பரத்பூரில் நேர் எதிர். வற்றத்தில் கல்தான் தெரியும், குளிக்கவும் படகுக்கும் ஏற்றம் வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஆறு மணி நேரம் போலத்தான். வற்றம் முற்பகலில் விழுந்தால் பாலம் முதலில், பரத்பூர் அப்புறம். மதியத்துக்குப் பின் விழுந்தால் தலைகீழாகப் போங்கள். விடிகாலையிலோ மாலையிலோதான் வற்றம் என்றால், அன்றைக்கு நீல் வேண்டாம், ஹேவ்லாக் போய்விடுங்கள்.

வற்றம் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், தேதியை முடிவு செய்த பிறகு கடல்மட்ட அட்டவணை பார்ப்பதில் பயனில்லை. கப்பல் டிக்கெட் எடுக்கும் முன் பாருங்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் ஒன்று. உப்புநீர் முதலைகள் இந்தக் கடலில் உண்டு. 2010-இல் ராதாநகர் அருகே ஒரு சுற்றுலாப் பயணி முதலைக்குப் பலியானார். எந்தத் தீவானாலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும் ஓடை, அலையாத்திப் பக்கம் இறங்க வேண்டாம். அப்புறம், ஹேவ்லாக்குக்குக் கப்பல்கள் அதிகம், நீலுக்குக் குறைவு. மழைக்காலத்தில் காற்று ஏறினால் கப்பல் ரத்தாகும். மறுநாள் சென்னை விமானம் பிடிக்க வேண்டியவர்கள் அந்த மாதங்களில் தீவுப் பயணத்தைக் கடைசி நாளுக்கு விடாமல் முதல் நாள்களிலேயே முடித்துக்கொள்வது நல்லது.