இரண்டு கரண்டிக்கு 750 மில்லி

நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு என்று விற்கப்படும் இந்தக் குளுக்கோஸ் பொடியை மூன்று மாதமாகப் பயன்படுத்துகிறேன். முதல் பொட்டலத்திலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதில் பாதிக் குற்றம் என்னுடையது.

500 மில்லி தண்ணீருக்கு இரண்டு கரண்டி, அதாவது 30 கிராம் குளுக்கோஸ் என்பது உறையில் உள்ள கணக்கு. 30 கிலோமீட்டர் ஓட வேண்டிய நாளில், தெம்பு கூடட்டுமே என்று நான்கு கரண்டி போட்டேன். பதினெட்டாவது கிலோமீட்டரில் வயிறு பானைபோல் உப்பியது. உள்ளே தண்ணீர் தளும்பும் ஓசை எனக்கே கேட்டது. வாயோ வறண்டு கிடந்தது. மீதித் தூரம் கழிப்பறையைத் தேடுவதில் கழிந்தது.

நம் இரத்தத்தின் செறிவு லிட்டருக்கு ஏறத்தாழ 290 மில்லி ஆஸ்மோல்; கரைந்திருக்கும் துகள்கள் எத்தனை என்று சொல்லும் அளவு இது. என் கலவையில் குளுக்கோஸ் மட்டுமே 660-ஐத் தாண்டியிருந்தது. அவ்வளவு கெட்டியான திரவத்தை இரைப்பை சீக்கிரம் கீழே விடாது. விட்டாலும், குடலிலிருந்து தண்ணீர் உடம்புக்குள் ஏறுவதற்கு முன்னால் உடம்பின் தண்ணீர் குடலுக்குள் இறங்கும். தாகத்துக்குக் குடித்து, இருந்ததையும் இழந்தேன்.

மீதிப் பாதிக் குற்றம் தயாரித்தவர்களுடையது. உறையில் கொட்டை எழுத்தில் ‘ஐசோடானிக்’ என்றிருக்கிறது. இரத்தத்துக்கு இணையான செறிவு என்று பொருள். அவர்கள் சொன்னபடியே கலந்தாலும் குளுக்கோஸ் 333 வருகிறது. இரண்டு கரண்டியில் உள்ள 230 மில்லிகிராம் சோடியத்தையும், அதோடு உப்பாகச் சேர்ந்திருக்கும் மறுபாதியையும் கணக்கில் சேர்த்தால் 370. வகுத்துப் பார்க்க அங்கே ஆளே இல்லையா?

இப்போது அதே இரண்டு கரண்டியை 750 மில்லியில் கரைக்கிறேன். மொத்தம் 250 அளவில் நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2002-இல் தன் உப்புச் சர்க்கரைக் கரைசலை 311-இலிருந்து 245-க்கு இறக்கியது; அதற்குப் பக்கத்தில் வந்துவிட்டேன். சுவை சப்பென்றுதான் இருக்கிறது, ஆனால் வயிறு மூச்சுக் காட்டுவதில்லை.

வயிற்றுப்போக்குக்கு இதை நம்பாதீர்கள். சிறுகுடல் ஒரு குளுக்கோஸை இழுக்கும்போது கூடவே இரண்டு சோடியத்தையும் இழுக்கிறது. அவற்றின் பின்னால்தான் தண்ணீர் போகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் கரைசலில் சோடியம் லிட்டருக்கு 75 மில்லி மோல். என் புட்டியில் 13தான்.

பொடி கட்டி தட்டாமல் கரைகிறது. அளவுக் கரண்டி மட்டும் எப்போதும் அடியில் புதைந்து கிடப்பதால், முழங்கை வரை விட்டுத் துழாவ வேண்டியிருக்கிறது. ஐந்துக்கு மூன்று. உறையிலிருந்து அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் நான்கு.