போர் தண்ணீருக்கு வைத்த சாஃப்ட்னர்: குளிக்க, துவைக்க அருமை, குடிக்க வேண்டாம்

மாடித் தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் தண்ணீரின் கடினத்தன்மையைப் போக்கும் சாஃப்ட்னர் வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது, கையால் வால்வு திருப்புகிற சாதாரண மாடல்தான், வேலையில் எனக்கு முழுத் திருப்தி. எங்கள் போர் தண்ணீரின் கடினத்தன்மை லிட்டருக்கு 500 மில்லிகிராம் பக்கம். ஹீட்டர் காயிலில் சுண்ணாம்பு ஏறும், ஷவர் அடைக்கும், சோப்பு நுரைக்காமல் பால் மாதிரி திரியும். இப்போது அது எதுவும் இல்லை.

ஆனால் டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு, "பாதியாகிவிடும்" என்று சொல்லி விற்றார்களே, அது சுத்தப் பொய். இந்த மெஷின் உப்பை எடுப்பதே இல்லை, மாற்றித்தான் தருகிறது: உள்ளே இருக்கும் ரெசின் மணிகள் கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தைத் தண்ணீரில் விடும், அதனால் மீட்டரில் முன்னும் பின்னும் கிட்டத்தட்ட ஒரே எண்தான். அப்புறம் என்ன லாபம்? கால்சியம் கார்பனேட் சுத்தமான நீரில் லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் கரையும், ஆகவே தண்ணீர் சூடானதும் கல்லாகப் படிகிறது. சோடியம் கார்பனேட், அதாவது சலவை சோடா, லிட்டருக்கு 200 கிராமுக்கு மேல் கரையும். அது ஹீட்டரில் ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும். டைல்ஸில் சொட்டிக் காய்ந்தால் வெள்ளைத் தடம் இன்னமும் வருகிறதுதான், ஈரத்துணி பட்டாலே போய்விடுகிறது.

ரெசின் சோர்ந்ததும் உப்புக் கரைசல் விட வேண்டும், அந்த அடர்த்தியான சோடியம்தான் பிடித்துவைத்த கால்சியத்தை வெளியே தள்ளுகிறது. லிட்டருக்கு 360 கிராம் உப்புதான் கரையும், அதற்கு மேல் கொட்டினால் அடியில் தங்கும், வீண். மண் கலந்த மலிவு உப்பு வேண்டவே வேண்டாம்.

குடிக்கிற விஷயத்தில் கவனம் தேவை. 100 மில்லிகிராம் கடினத்தன்மை போனால் 46 மில்லிகிராம் சோடியம் ஏறும், எங்கள் தண்ணீருக்கு லிட்டருக்கு 230. பி.பி. உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இதை அப்படியே குடிக்கக் கூடாது, ஆர்.ஓ.வில் போட்டால் சோடியம் பெரும்பாலும் போய்விடும்.

செடிக்கும் இது ஆகாது. சோடியம் ஏறினால் களிமண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காது. தோட்டக் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்து வைக்கச் சொல்லுங்கள், பிளம்பருக்குச் சின்ன வேலைதான், உப்புக் கழுவிய தண்ணீரையும் மண்ணில் விடாமல் சாக்கடைக்கே திருப்பச் சொல்லுங்கள்.